மரங்கொத்திக்குப் பயந்த காட்டுக்காரர்கள்

காடு என்றாலே நமக்கு வனத்துறைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் கதையே வேறு. அங்கே பெரும்பாலான காடு தனியாருக்குச் சொந்தம். அந்தக் காட்டுக்காரர்கள் ஒரு சின்னப் பறவைக்குப் பயந்த கதை இது.

பறவையின் பெயர் ரெட் காக்கேடட் மரங்கொத்தி. உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைன் மரத்தில்தான் அது பொந்து குடையும். ஒரு பொந்தை முடிக்கவே சில வருடங்கள் ஆகலாம். ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த லாங்லீஃப் பைன் காடுகள் சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கியதால் பறவையும் குறைந்தது. 1970-ல் அது அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1973-ல் வந்த சட்டம் அதன் வாழிடத்துக்கும் கடுமையான பாதுகாப்பு கொடுத்தது.

விளைவு என்ன தெரியுமா? பறவை வந்துவிட்டால் மரத்தை வெட்ட முடியாது. எனவே அது வருவதற்கு முன்பே சிலர் வெட்டிவிட்டார்கள்! டீன் லூயெக், ஜெஃப்ரி மைக்கேல் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வட கரோலினாவில் இதை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். பறவைக் கூட்டங்களுக்கு அருகிலிருந்த தனியார் காடுகளில் மரங்கள் இளவயதிலேயே வெட்டப்பட வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காட்டுக்கு அவ்வப்போது தீ வைக்க வேண்டும். இல்லையென்றால் கீழே ஓக் மரங்கள் பொந்து உயரத்துக்கு வளர்ந்துவிடும், பறவை போய்விடும். வெட்டாதே என்று சட்டம் தடுக்கலாம். செலவு செய்து காட்டைப் பராமரி என்று யாரைக் கட்டாயப்படுத்த முடியும்?

1995-ல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் 'பாதுகாப்பான துறைமுகம்' என்ற ஒப்பந்தம் வந்தது. கணக்கு எளிது. உங்கள் நிலத்தில் இன்று இரண்டு கூட்டம் இருந்தால் அந்த இரண்டுக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு. நீங்கள் பராமரித்து அது ஐந்தானால், கூடுதல் மூன்றுக்காகப் புதிய தடை எதுவும் வராது. புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் கோல்ஃப் விடுதி முதலில் சேர்ந்தது. 1999-ல் இதுவே தேசியக் கொள்கையானது.

கூடுதலாக வந்த பறவைகளுக்கு நிரந்தர உத்தரவாதம் இல்லை என்பது இதன் குறை. ஆனாலும் 2024-ல் இந்த இனம் ஆபத்தில் ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாறியது. ராணுவ நிலங்கள், அரசுக் காடுகள், செயற்கைப் பொந்துகள் ஆகியவற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

வணிகவியல் மாணவனாக எனக்குப் பட்டது இதுதான். அந்தக் காட்டுக்காரர்கள் பறவையை வெறுக்கவில்லை. அவர்கள் கணக்கில் அது கடன் பக்கம் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பயம் போனதும் பலர் தாங்களாகவே உதவ முன்வந்தார்கள். தண்டனையை மட்டும் நம்பும் சட்டம் எதைக் காக்க வந்ததோ அதையே அழிக்கவும் கூடும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?