மோட்டார் பாதுகாப்பும் புவி இணைப்பும்: ஒரு வரலாறு

தொழிற்சாலை மோட்டாரின் இரும்புக் கூட்டையும், அதை இயக்கும் ஸ்டார்ட்டர், ரிலே ஆகியவற்றின் உலோகப் பெட்டிகளையும் மண்ணுடனும் மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளியுடனும் கம்பியால் பிணைப்பது புவி இணைப்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதை எர்த் என்பர். உருகி, ரிலே போன்றவை மோட்டாரின் செப்புச் சுருள்களைக் காக்க வந்தவை. எர்த் மனித உயிரைக் காக்க வந்தது. வெவ்வேறு காலங்களில் தோன்றிய இவ்விரண்டும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்பது புரிய நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்கம்

மின்துறை மண்ணை முதலில் நாடியது பாதுகாப்புக்காக அல்ல, சிக்கனத்துக்காக. 1838-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஸ்டைன்ஹைல், தந்திக்கு ஒரு கம்பி போதும், மின்னோட்டம் திரும்பும் வழியாக மண்ணே உதவும் என்று கண்டறிந்தார். மின்விளக்குகள் பரவியபோது நிலைமை மாறியது. மின்சுற்றை மண்ணுடன் இணைத்தால் கசிவு மின்னோட்டத்தால் தீப்பிடிக்கும் என்ற அச்சம் வலுவாக இருந்தது. 1892-இல் நியூயார்க் தீக்காப்பீட்டாளர் வாரியம் இவ்வழக்கத்தை ஆபத்தானதெனக் கண்டித்தது. அதே அமெரிக்காவில்தான் 1913-இல் தேசிய மின் விதித்தொகுப்பு, மண்ணைச் சார்ந்த அழுத்தம் 150 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சுற்றுகளுக்குப் புவி இணைப்பைக் கட்டாயமாக்கியது.

மோட்டாரின் வரவு

1889-இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மும்முனைத் தூண்டல் மோட்டாரை உருவாக்கினார். தொழிற்சாலைகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம். பாதுகாப்புக்கோ புதிய தலைவலி. இம்மோட்டார் நேரடியாகப் புறப்படும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிய உருகியைப் போட்டால், சுமை சற்றே மிகுந்து சுருள் கருகும்போது அது உருகாது. இந்த இடைவெளியை நிரப்பியது ஈருலோகப் பட்டையால் ஆன வெப்ப ரிலே. சுருள் சூடேறும் வேகத்தை ஒட்டியே பட்டையும் சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். எளிய கருவிதான், ஆனாலும் இன்றுவரை அதன் இடம் பெரிதாகக் குறையவில்லை.

இதற்கிடையே பல அமெரிக்க ஆலைகள் நடுநிலையை மண்ணுடன் இணைக்காமலே விட்டன. ஒரு முனை பழுதாகி மண்ணைத் தொட்டாலும் உற்பத்தி நிற்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின் விலையைக் காட்டும் நிகழ்வு ஒன்று பொறியியல் நூல்களில் பதிவாகியுள்ளது. 480 வோல்ட் ஆலை ஒன்றில், ஸ்டார்ட்டரின் தன்மின்மாற்றியில் விட்டுவிட்டுப் பொறித்த ஒரு மண்பழுது, கம்பிகளின் அழுத்தத்தை 1,200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியது. இரண்டு மணி நேரத்தில் 40 முதல் 50 மோட்டார்கள் பழுதாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் அந்த ஸ்டார்ட்டருக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

இந்திய நடைமுறை

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு வந்தது. 1937-இல் அங்கேயே ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் உள்நாட்டு மோட்டாரும் உருவாயிற்று. மோட்டார்கள் ஆலையிலிருந்து கிணற்றடிக்குப் பரவிய காலத்தில் வந்த 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டாரின் கூட்டுக்கும் தனித்தனியான இரண்டு புவி இணைப்புகள் வேண்டும் என்றது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றொன்று நிற்கும். அறுந்தது யாருக்கும் தெரியாமல் போகக்கூடியது என்பதால் இது வீண் செலவன்று.

குழியில் கரியும் உப்பும் இட்டுக் குழாய் புதைத்துவிட்டால் எர்த் முடிந்தது என்பது பரவலான நம்பிக்கை. ஒரு சிறு கணக்கு அதன் குறையைக் காட்டும். குழாயின் மண்தடை 5 ஓம், மின்மாற்றி நடுநிலையின் மண்தடை 2 ஓம் என்று கொள்க. 240 வோல்ட் முனை மோட்டார் கூட்டைத் தொட்டால் மண்வழியே ஓடுவது 240/7, அதாவது ஏறத்தாழ 34 ஆம்பியர். 10 குதிரைத்திறன் மோட்டாருக்குப் போடும் 32 ஆம்பியர் உருகி இதற்கு உடனே உருகாது. வெப்ப ரிலே துண்டிக்கவும் பல வினாடிகள், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை கூட்டில் நிற்பது சுமார் 170 வோல்ட். ஈரக் கையுடன் அதைத் தொடுபவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. ஆகவே புதைத்த குழாயோடு நில்லாமல், ஆலைக்குள் கூட்டிலிருந்து மின்மாற்றி நடுநிலை வரை தடை குறைந்த உலோகக் கம்பி தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அப்போது பழுது மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியராகி உருகி நொடியில் உருகும்.

மில்லி ஆம்பியர் காலம்

அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு, பிடித்த கம்பியை விடமுடியாமல் போகும் அளவை ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. மோட்டார் ரிலே ஆம்பியரில் சிந்திக்கிறது. உயிர் மில்லி ஆம்பியரில் போகிறது. 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபினும், ஆஸ்திரியாவில் பீகல்மையரும் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பான்கள் இந்த இடைவெளியைக் குறைத்தன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையெனில் இவை சுற்றைத் துண்டிக்கும்.

இத்தத்துவம் பெரிய மோட்டார்களில் வளைய மின்னோட்ட மாற்றியாகப் பயன்படுகிறது. கம்பி இணைப்பில் அதிகம் தவறு நேரும் இடமும் இதுவே. மூன்று முனைக் கம்பிகளும் வளையத்துள் சேர்ந்தே செல்ல வேண்டும். எர்த் கம்பி அதனுள் போகக்கூடாது. கேபிளின் உலோக உறை வளையத்தைக் கடந்து சென்றிருந்தால், அந்த உறையின் எர்த் கம்பியை மீண்டும் வளையத்தின் வழியே திருப்பிக் கொண்டுவந்த பிறகே தரையுடன் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பியில் போகும் பழுது மின்னோட்டத்தை உறையில் திரும்பும் மின்னோட்டம் ஈடுசெய்துவிடும். பழுது இருந்தும் ரிலே அசையாது. மின்னோட்ட மாற்றியின் இரண்டாம் சுற்றை ஒரே ஓர் இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும் என்பதும், மோட்டார் ஓடும்போது அச்சுற்றைத் திறந்துவிடக் கூடாது என்பதும் இதே வரிசையில் வருபவை. திறந்த முனைகளில் எழும் உயர் அழுத்தம் கருவியையும் பணியாளரையும் ஒருசேரத் தாக்கக்கூடியது.