வலியை அளந்த கதை



வகுப்பில் நாங்கள் பாகைமானியால் கோணம் அளக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதே பாகைக் கணக்கில் மனிதனின் முதுகையும் அளந்துதான் அமெரிக்காவில் முன்னாள் படைவீரரின் கொடுப்பனவைத் தீர்மானிக்கிறார்கள். சாதாரணமாக ஒருவர் 90 பாகை வரை முன்னால் குனியலாம். 60 பாகையைத் தாண்ட முடியாதவருக்கு 20 வீதம் இயலாமை, 30 பாகைக்குள் நின்றுவிட்டால் 40 வீதம்.

அங்கே காயப்பட்ட வீரருக்கான முதல் தேசியச் சட்டம் 1776 ஆகஸ்ட் 26இல் வந்தது. கை, கால் இழந்தவருக்கு அரைச் சம்பளம். இழந்த கால் கண்ணுக்குத் தெரியும். பாரம் சுமந்து தேய்ந்த முள்ளந்தண்டும் முழங்காலும் தெரியுமா?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முறையிட 1933இல் மேன்முறையீட்டுச் சபை அமைத்தார்கள். ஆனால் அதுவும் அதே நிருவாகத்துக்குள்தான் இருந்தது. அதன் முடிவை எதிர்த்துப் பொதுவாக நீதிமன்றம் போக வழியில்லை. சட்டத்தரணிக்கும் 10 டொலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வீரர்களை ஏமாற்றியவர்களைத் தடுக்க வந்த விதி அது. காலம் போகப் போக வீரருக்கே தடையானது. அந்தப் பணத்துக்கு யார் வழக்கை எடுப்பார்? 1988இல் வந்த சட்டம்தான் இந்த நிலையை மாற்றி, இதற்கென்றே தனி நீதிமன்றத்தை உருவாக்கியது.

அந்த நீதிமன்றம் 1995இல் டெலூக்கா வழக்கில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. மூட்டு எத்தனை பாகை வளைகிறது என்பது மட்டும் போதாது. வலியாலும் களைப்பாலும் எவ்வளவு செயலிழப்பு, வலி கூடும் நேரத்தில் நிலைமை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2018இல் சாண்டர்ஸ் வழக்கில் மேல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. நோய்க்குப் பெயர் வைக்க முடியாவிட்டாலும், செயற்பாட்டைக் குறைக்கும் வலியே இயலாமையாகலாம் என்றது. முழங்கால் வலியோடு போராடிய ஒரு பெண் படைவீரரின் வழக்கு அது.

2019 பெப்ரவரியிலிருந்து அங்கே மூன்று வழிகள்: புதிய சான்றோடு மீண்டும் கேட்பது, மூத்த அதிகாரியின் மீளாய்வு, சபைக்கு மேன்முறையீடு.

1776இல் தொடங்கிய சட்டம் வலியின் பேச்சைக் கேட்க 200 வருடங்களுக்கு மேல் எடுத்தது. எங்கள் ஊரிலும் மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகுகள் எத்தனை! "பார்த்தா நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்போம். வீட்டுப் பெரியவர்களின் கிளினிக் கொப்பிகளையும் வைத்திய அறிக்கைகளையும் பத்திரமாக வைப்போம். வலிக்குச் சாட்சி சொல்ல அவைதான் இருக்கின்றன.