பதினஞ்சு வருஷம் ஆனாலும் குரு வேணும்

எங்க பக்கம் கிழங்கு காயப்படாம ஒருத்தர் மஞ்சள் வெட்டினா, "யாருகிட்டப்பா பழகுன?"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அந்தக் குருவைத்தான் டவுன்ல நீங்க மென்டார்னு சொல்றீங்க. சென்னையில வேலை பார்க்கற சொந்தக்காரத் தம்பி ஒருத்தர், "பதினஞ்சு வருஷம் சர்வீஸ் ஆச்சுண்ணே, இனிமே யாருகிட்டக் கத்துக்கறது?"ன்னு போன்ல கேட்டார். அவருக்கு எங்க மாவட்டத்துக் கதை ஒண்ணு சொன்னேன். அதையே இங்கயும் எழுதறேன்.

அரூருக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளி பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழற இடம். 1990களோட தொடக்கத்துல அங்க பொறந்த 1000 குழந்தைங்கள்ல 147 பேர் ஒரு வயசைத் தாண்டல. ஆஸ்பத்திரின்னா அரூருக்குத்தான் வரணும், ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

அந்த ஊருக்கு 1993ல ரெஜி ஜார்ஜ், லலிதான்னு ஒரு டாக்டர் தம்பதி வந்தாங்க. கேரளாவுல ஆலப்புழா மருத்துவக் கல்லூரியில படிச்சவங்க. அவர் மயக்க மருந்து டாக்டர், அவங்க மகப்பேறு டாக்டர். அதுக்கு முன்னாடி திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமம் ஆஸ்பத்திரியில வேலை. சுலபமா குணமாகற நோவுக்குக்கூட ஜனங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்து நிக்கறதை அங்கதான் பார்த்தாங்க. பார்த்த உடனே ஒரு ஊருக்குப் போய் போர்டு மாட்டிடல. ஒரு வருஷம் நாடு பூரா சுத்தி, கிராமங்கள்ல ஏற்கெனவே வேலை செஞ்சவங்களைத் தேடிப் போனாங்க. கையில பட்டம் இருந்தும், அடுத்தவங்க வேலையைக் கிட்ட இருந்து பார்க்கறதுக்குன்னே ஒரு வருஷத்தை ஒதுக்கினாங்க.

சிட்லிங்கியில மொத ஆஸ்பத்திரி ஊர் ஜனங்க கட்டிக் குடுத்த கூரைக் குடிசைதான். மலை ஊருக்கு நர்ஸுங்களை வரவழைக்கறது லேசான காரியமா இல்ல. அதனால உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கே சொல்லிக் குடுத்தாங்க. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில விட்டவங்களும் அதுல இருந்தாங்க. பிரசவம் பார்க்கறதுல இருந்து ஆபரேஷனுக்கு உதவி செய்யறது வரைக்கும் அவங்க கைக்கு வந்துச்சு. ஊருக்கு ஒரு பெரியம்மாவையும் சுகாதாரப் பணிக்குத் தேர்ந்தெடுத்தாங்க. எந்த வீட்டுல யாரு மாசமா இருக்கா, யாரு ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படறா, பிள்ளை பெத்தவளுக்கு என்ன சாப்பாடு குடுக்கறாங்க, இதெல்லாம் எந்த மருத்துவப் புத்தகத்துலயும் கிடையாது. அந்தப் பாடத்துக்கு இந்தப் பெண்கள்தான் வாத்தியார், டாக்டருங்கதான் மாணவர்கள். பின்னாடி அந்த 147, 20க்குப் பக்கமா எறங்கிடுச்சு.

வைத்தியத்துல இருந்து வேலை வெவசாயத்துக்கு நகர்ந்துச்சு. வீட்டுல தானியம் இல்லாம, மருந்துக் கடையிலயும் உரக் கடையிலயும் கடன் வச்சுக்கிட்டு உடம்பு மட்டும் எப்படித் தேறும்? 2004ல இயற்கை வெவசாயிகள் சங்கம் உருவாச்சு. மண்ணைப் பத்திப் பேசறப்ப மயக்க மருந்துப் படிப்பு எதுக்கு உதவும்? அங்க வெவசாயிங்க சொல்றதைத்தான் கேட்டாகணும்.

என் மனசுல நிக்கறது அதுக்கப்புறம் நடந்தது. லம்பாடிப் பெண்களோட ஊசி வேலைப்பாடு அங்க கிட்டத்தட்ட அழிஞ்சே போயிருந்துச்சு. ரெண்டு தலைமுறையா யாரும் கத்துக்கல. தாண்டாவுல விசாரிச்சா, தையல் மறக்காதவங்க வயசான ரெண்டே பேர். அந்த ரெண்டு பாட்டிகளையும் குருவா உக்கார வச்சு, 2006ல 'பொர்கை'ன்னு ஒரு அமைப்பு தொடங்குச்சு. லம்பாடி பாஷையில அதுக்குப் பெருமைன்னு அர்த்தம். ஏறக்குறைய 60 பெண்கள் அந்தத் தையலைக் கத்து, அதுல சம்பாதிச்சாங்க. இன்னும் பத்து வருஷம் கழிச்சுத் தேடியிருந்தா, சொல்லிக் குடுக்க யாரு இருந்திருப்பா?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வேலையில சேர்ந்த புதுசுல, அந்தப் பாதையில முன்னாடி நடந்தவரு குரு. வேலை கைக்கு வந்த பிறகு, யாருக்காக வேலை செய்யறோமோ அவங்க குரு. அனுபவம் ஏறினப்புறம், தான் போனா தன்னோட போயிடற வித்தையை வச்சிருக்கறவங்க குரு. இந்த மூணாவது ஆளு தானா வந்து சொல்லித் தரமாட்டார். நாமதான் போய்க் கேக்கணும். உங்க ஆபீஸ்லயும் ரிட்டையர் ஆகப் போற ஒருத்தர் அப்படி இருப்பார்.

எங்க தெருவுல சாமை விதைக்கற பக்குவம் தெரிஞ்ச பெரியப்பா ஒருத்தர் இருக்கார், எண்பதைத் தாண்டியாச்சு. எவ்வளவு விதைக்கு எவ்வளவு மணல் கலக்கணும், எந்த ஈரத்துல வீசணும்னு அவர் கைக்குத்தான் தெரியும். ஆடி மழைக்கு முன்னாடி நான் அவர் திண்ணைக்குப் போகணும்.