கூரைச் சூரிய மின்சாரம்: குடும்பங்களின் முடிவை இயக்குபவை

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதற்குக் கட்டணச் சேமிப்பு, மின்தடை பற்றிய கவலை, அக்கம்பக்கத்தாரின் அனுபவம், சூழல் அக்கறை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை எல்லா வீடுகளிலும் ஒரே வலிமையுடன் செயல்படுவதில்லை. எந்த வீட்டில் ஆர்வம் முளைக்கும் என்பதை முதலில் முடிவு செய்வது மின்கட்டண அமைப்பே. தமிழ்நாட்டின் நிலை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுகிறது. 2024 ஜூலைத் திருத்தப்படி 501 முதல் 600 யூனிட் வரை 8.55 ரூபாய், 1000 யூனிட்டைத் தாண்டினால் 11.80 ரூபாய். 3 கிலோவாட் அமைப்பு இரு மாதங்களில் ஏறத்தாழ 700 யூனிட் தரும். குளிர்சாதன வசதியுள்ள வீட்டில் இது விலை மிகுந்த மேல்படி யூனிட்டுகளையே முதலில் குறைப்பதால் முதலீடு விரைவில் மீளும். 150 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டுக்கோ மிச்சமாகும் தொகை அற்பமே.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு 78,000 ரூபாயும் மானியம் அளிக்கிறது. ஒரு கோடி வீடுகள் இதன் இலக்கு. மானியம் முதலீட்டுச் சுமையைக் குறைக்கிறது. ஆனால் மாதாமாதம் மிச்சம் காணாத குடும்பத்திடம் அதனால் மட்டும் ஆர்வத்தை உண்டாக்க முடியாது.

பணக் கணக்கு சாதகமாக இருந்தாலும் நம்பிக்கை தேவைப்படுகிறது. கலிபோர்னியா தரவுகளைக் கொண்டு பிரையன் பொலிங்கரும் கென்னத் கில்லிங்ஹாமும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் கூடுதலாக ஓர் அமைப்பு நிறுவப்பட்டால் அங்கு மற்றொரு வீடு நிறுவும் வாய்ப்பு 0.78 சதவீதப் புள்ளி உயர்வதாகக் கண்டது. பக்கத்து மாடியில் இயங்கும் தகடும் அந்த வீட்டின் மின்கட்டண ரசீதும் விளம்பரத்தைவிட உறுதியான சான்றுகள்.

மின்தடைக்கு அஞ்சி அமைப்பை நாடுவோருக்கு ஒரு தெளிவு அவசியம். மின்கட்டமைப்புடன் இணைந்த, மின்கலம் இல்லாத அமைப்பு, மின்சாரம் தடைப்படும்போது மின்பாதைப் பணியாளர்களின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாத விற்பனை, ஏமாற்றத்தையும் அவநம்பிக்கையையும் பரப்பும். சூழல் அக்கறை முடிவுக்கு வலுச் சேர்க்கும்; இலாபமற்ற முதலீட்டைத் தனியே தாங்குவது அரிது. வாடகைக் குடியிருப்போருக்கும் அடுக்ககவாசிகளுக்கும் தனிக் கூரை உரிமை இல்லாததால், ஆர்வம் இருந்தும் எளிய வழியில்லை.

எனவே மானியம் ஒன்றையே நம்பும் கொள்கை ஏற்கெனவே மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்தும், சொந்தக் கூரையுடைய குடும்பங்களுக்கே பெரும்பாலும் பயன்படும். மற்றவர்களையும் சேர்க்க வேண்டுமானால் கூட்டுக் கூரை அமைப்புகளும், வெளிப்படையான தகவலும், எளிய கடனும் மானியத்துடன் இணைந்து வரவேண்டும்.