ராத்திரி குடிச்சா காலைல வண்டி ஓட்டலாமா? 30 மில்லிகிராம் கணக்கு சொல்லும் உண்மை

ஞாயிறு இரவு நண்பர்களோடு பார்ட்டி. வண்டியை எடுக்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாச்சு. திங்கள் காலை எழுந்து, குளித்து, காபி குடித்து, குழந்தையை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்கு கிளம்பியாச்சு. "ராத்திரி குடிச்சது இந்நேரம் தெளிஞ்சிருக்கும்" என்பதுதான் பலரின் நம்பிக்கை. ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் அப்படி இறங்குவதில்லை.

சட்டம் சொல்லும் அளவு என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். எப்போது குடித்தார்கள் என்பது கணக்கில் வராது. வண்டி ஓட்டும் நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. இரவு 11 மணிக்கு ஊதினாலும், காலை 7 மணிக்கு ஊதினாலும் சட்டம் ஒன்றுதான்.

"ஒரு பீர் தானே?"

5 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் இதை வேகமாகக் குடித்தால், ரத்தத்தில் 50 மில்லிகிராமைத் தாண்ட வாய்ப்பு உண்டு. அதாவது, ஒரே பீரில் எல்லை தாண்டிவிடும். எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த அளவு இன்னும் கூடும்.

காலையிலும் போகாத போதை

ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை பெரும்பாலும் கல்லீரல்தான் உடைக்கிறது. அதன் வேகம் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம். இதை வைத்து ஒரு தோராயக் கணக்கு பார்க்கலாம்.

* அதே 65 கிலோ ஆண், இரவு 9 மணிக்கு ஆரம்பித்து ஒரு குவார்ட்டரும் ஒரு பீரும் குடிக்கிறார்.
* இந்த அளவுக்கு ரத்தத்தில் சேரக்கூடியது சுமார் 190 மில்லிகிராம்.
* காலை 7 மணி வரை 10 மணி நேரம். குறைவது 150 மில்லிகிராம்.
* மீதி 40 மில்லிகிராம். சட்ட எல்லையைவிட அதிகம்.

ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் மோர், எலுமிச்சை ஜூஸ், பிளாக் காபி, தலைக்கு குளியல் என எதுவும் கல்லீரலை வேகப்படுத்தாது. காபி தூக்கத்தை விரட்டலாம், ஆல்கஹாலை விரட்டாது. நேரம் ஒன்றுதான் வழி.

தள்ளாடினால்தான் ஆபத்தா?

இல்லை. நடை தடுமாறுவதற்கு முன்பே கவனமும் கணிப்பும் குறைய ஆரம்பித்துவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். பிரேக் பிடிக்க அரை வினாடி தாமதமானால்கூட வண்டி 8 மீட்டர் முன்னே போயிருக்கும். குறுக்கே வருபவர் பிழைப்பதும் இறப்பதும் அந்த 8 மீட்டரில் இருக்கலாம்.

மாட்டினால் என்ன ஆகும்?

* முதல் முறை: 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
* மறுபடியும் சிக்கினால்: 15,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
* கோர்ட்டில் குற்றம் உறுதியானால், குறைந்தது 6 மாதம் லைசென்ஸ் பறிபோகும்.
* ஊத மறுத்தாலும் தப்பிக்க முடியாது. சரியான காரணம் இல்லாமல் மறுப்பதையே ஓட்டியவருக்கு எதிராக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.
* பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும், குற்றத்துக்கு உடந்தை என்று பிரிவு 188-ல் வழக்கு வரலாம். 2022 அக்டோபரிலேயே சென்னை போக்குவரத்து போலீசார் இதை அறிவித்தனர்.

உயிர் போனால்?

கவனக்குறைவால் மரணம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன்படி 5 ஆண்டு வரை சிறை. "உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்" என்று கோர்ட் கருதினால் பிரிவு 105 பாயும். அதில் 10 ஆண்டு வரை சிறை. 2006-ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் மீது குடிபோதையில் காரை ஏற்றிக் கொன்ற வழக்கில், ஓட்டியவருக்கு கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக விதிக்கப்பட்ட 3 ஆண்டு சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

சொந்த வண்டியின் சேதத்துக்கு கிளைம் நிராகரிக்கப்படலாம். ரத்தப் பரிசோதனை எடுக்காவிட்டாலும், போதையில் ஓட்டியதை மற்ற ஆதாரங்களால் காட்ட முடிந்தால் போதும் என 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனமே முதலில் பணம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க பல வழக்குகளில் அனுமதி கிடைத்திருக்கிறது. லட்சக்கணக்கான ரூபாய் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.

என்ன செய்யலாம்?

இரவுக்கு ஆட்டோவோ ஆக்டிங் டிரைவரோ ஏற்பாடு செய்பவர்கள், மறுநாள் காலைக்கும் யோசிப்பது நல்லது. காலையில் வண்டி எடுக்கணும் என்றால் முந்தின இரவு குடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. குடித்துவிட்டால், அன்று பஸ்ஸோ ஆட்டோவோ போதும். குழந்தையை ஸ்கூலில் விட, குடிக்காத இன்னொருவர் போகலாம். ஒரு நாள் ஆட்டோ செலவு, 10,000 ரூபாய் அபராதத்தைவிட நிச்சயம் குறைவு.