எல்க்கும் மரையும், பதினாறு வயதில் ஒரு துவக்கும்

முதலில் பெயர்ச் சிக்கலை முடித்துவிடுவோம். நோர்வேக்காரர் எல்க் என்று சொல்வது குதிரையை விட உயரமான, மூக்குத் தொங்கிய, நெடுங்கால் மிருகம். இதையே கனடாவில் இருக்கிற எங்கட சனம் மூஸ் என்று சொல்லும். அங்கே எல்க் என்றால் அது வேறொரு மான். இந்தக் குழப்பம் போதாதென்று, இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரர் எங்கட மரையை எல்க் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளெயின்ஸ் என்று ஓர் இடமே இருக்கிறது. அங்கே எல்க் ஒருநாளும் நடந்ததில்லை. நடந்தது மரை.

அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பேரெடுத்தவர். அதற்கு முன் 1848 தொடக்கம் 1855 வரை நுவரெலியாவில் பண்ணை போட்டு இருந்தார். நாய்க்கூட்டத்தை விட்டு மரையைத் துரத்தி, ஆற்றுக்குள் மடக்கி, கத்தியால் குத்திக் கொன்றதை எல்லாம் புத்தகமாக எழுதினார். பசிக்காக அவர் வேட்டையாடவில்லை. அது அவருக்கு விளையாட்டு. வேட்டை என்றால் துரைமாரின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன எனக்கு, வேட்டைக்கு வேறொரு வரலாறும் உண்டு என்று காட்டியது நோர்வேயில் நான் வேலை செய்யும் றெஸ்ரோரன்ட் குசினிதான்.

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் குசினிக்கு எல்க் இறைச்சி வரத் தொடங்கும். கறுப்புச் சிவப்பு நிறம், கொழுப்பே இல்லை. சூனிப்பர்ப் பழமும் பழுப்புச் சீஸும் போட்டுக் குழம்பு வைப்பார்கள். (வீட்டில் யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்தால் இன்னும் திறம், அது வேறு கதை.) அந்த மாதங்களில் எங்கள் பெரிய குக் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். அவர் மட்டுமில்லை. தச்சன், ஆசிரியை, பஸ் ஓட்டுபவர் என்று பலரும் போவார்கள். பெரும்பாலான இடங்களில் செப்டெம்பர் 25 தொடக்கம் டிசெம்பர் 23 வரை எல்க் வேட்டைக் காலம்.

இது எவ்வளவு பழைய வேலை என்று பாருங்கள். ரஷ்யாவின் வெண்கடற் கரையோரம் சலவ்ருகா என்ற இடத்தில் பாறைச் சிற்பங்கள் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றில் மூன்று மனிதர் பனிச்சறுக்குக் கட்டைகளில் எல்க்குகளைத் துரத்துகிறார்கள். பனியில் பதிந்த தடங்களைக்கூடச் செதுக்கியவர் விடவில்லை. சில ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஒரு பனிக்கால வேட்டை அது. நோர்வேயின் வடக்கே ஆல்தாவிலும் எல்க், கலைமான், கரடி எல்லாம் பாறையில் நிற்கின்றன. மலைப் பள்ளத்தாக்குகளில் எல்க் நடக்கும் பாதைக்குக் குறுக்கே வரிசை வரிசையாகத் தோண்டிய பொறிக்குழிகளை இன்றும் காணலாம்.

பனிக்காலத்தில் துரத்துவதில் ஓர் அநியாயம் உண்டு. பனி ஆழமாக இருந்தால் எல்க் வயிறு வரைக்கும் புதைந்து தடுமாறும். கட்டையில் வருகிற மனிதன் பனிக்கு மேலே வழுக்கிக்கொண்டு வருவான். அந்த நிலையில் ஒரு கூட்டத்தையே முடித்துவிடலாம். அதனாலோ என்னவோ, இடைக்கால நோர்வேயின் குலாதிங் சட்டத்திலேயே பிறர் காணியில் எல்க்கைப் பனிச்சறுக்குக் கட்டையில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி இருந்தது. துவக்கு வர முன்னமே கட்டுப்பாடு வந்துவிட்டது.

அடுத்தது, எல்க் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. பக்கத்து நாடான சுவீடனில் அது நெடுங்காலம் அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரிய மிருகம். குடியானவன் தன் வயலில் மேய்ந்த எல்க்கைத் தொட்டால் குற்றம். 1789இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர், பிரபுக்களோடு வந்த பிணக்கில் குடியானவர்களைத் தன் பக்கம் இழுப்பதற்காக, காணி வைத்திருந்த குடியானவர்களுக்கும் வேட்டை உரிமையைக் கொடுத்தார். நல்ல விசயம்தானே என்று தோன்றும். ஆனால் சில பத்து வருடங்களுக்குள் சுவீடனில் எல்க் அழிந்துபோகும் நிலைக்கு வந்து, 1820களில் முழுத்தடை போட வேண்டி வந்தது. அரசன் வைத்திருந்த உரிமையைச் சனத்திடம் கொடுத்தது நியாயம். உரிமை மட்டும் வந்து அளவு வராமல் போனதுதான் பிழை.

நோர்வேயில் 1845இல் வந்த சட்டத்தின் பெயரே விநோதமானது. கொடிய விலங்குகளை ஒழிக்கவும் மற்ற வேட்டை விலங்குகளைக் காக்கவும் என்று ஒரே சட்டத்தில் இரண்டு வேலை. ஓநாய்க்கும் கரடிக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். ஓநாய் ஏறத்தாழ இல்லாமலே போய், 1971இல் அதையும் பாதுகாக்க வேண்டியதாயிற்று. 1899ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை உரிமையைக் காணிச் சொந்தக்காரரின் கையில் வைத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அதுவரை தடை செய்யப்படாத விலங்கை எல்லாம் சுடலாம். அதன் பிறகு, சுடலாம் என்று சொல்லப்படாத எந்த விலங்கையும் சுடக் கூடாது.

1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவான எல்க்குகள்தான் சுடப்பட்டன. 1999இல் அது 39 ஆயிரம் அளவுக்குப் போனது. காட்டைப் பெரும் பரப்பாக வெட்டி மறுபடி நட்டதால் இளம் மரக்கொப்புத் தீனி பெருகியது ஒரு காரணம். எதைச் சுடுவது என்று மாற்றிக்கொண்டது இன்னொரு காரணம். குட்டி போடும் வயதுப் பெண் எல்க்கை விட்டுவிட்டு, கன்றுகளையும் ஒரு வயதுக்காரரையும் கூடுதலாகச் சுடச் சொன்னார்கள். தாயும் கன்றும் சேர்ந்து வந்தால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும். தாயைச் சுட்டால் கன்று தனியாகப் பனிக்காலத்தைத் தாண்டுவது கடினம். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

இதையெல்லாம் ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? 1986இலிருந்து புதிதாக வேட்டைக்கு வருகிறவர் பரீட்சை எழுத வேண்டும். வகுப்பில் விலங்கியல், சட்டம், துவக்குப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. பெரிய விலங்கைச் சுடப் போகிறவர் வருடாவருடம் 100 மீற்றரில் வைத்த மான் உருவத்தில் ஐந்து வெடியும் குறித்த வட்டத்துக்குள் விழும்படி சுட்டுக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் சொந்தமாக எல்க் வேட்டைக்குப் போக முடியாது. பரீட்சை முடித்தவர் பதினாறு வயதாகும் வருடத்திலிருந்து பழகலாம். பெற்றோரின் சம்மதம் வேண்டும். இருபது வயதைத் தாண்டிய, மூன்று வருடமாவது பெரிய விலங்கு வேட்டை அனுபவமுள்ள ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

எங்கள் பெரிய குக்கின் மகளுக்கு அந்த வயது வந்த வருடம், நவம்பர் கடைசியில், ஒஸ்தர்டாலன் பள்ளத்தாக்கில் உள்ள அவர்களின் குடும்பக் காணிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். என்னிடம் துவக்கு இல்லை. சுமக்க ஒரு ஆள். தாத்தா, மாமி, சித்தப்பா, சாம்பல் நிற நாய் ஒன்று. முழங்கால் அளவு பனி. தாத்தாவும் நாயும் கீழிருந்து வர, மற்றவர்கள் ஆளுக்கொரு இடத்தில் காவல் இருந்தார்கள். பிள்ளை ஒரு மரக்கட்டையில் இருந்தாள். தகப்பன் அவளுக்குப் பின்னால், நான் அவருக்குப் பின்னால். இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு தாயும் கன்றும் வெளியில் வந்தன. கன்று முன்னால், தாய் நேர் பின்னால். பிள்ளை குறி வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு துவக்கைத் தாழ்த்தினாள். சுட்டிருந்தால் குண்டு கன்றைத் தாண்டித் தாயிலும் பட்டிருக்கும். இரண்டும் காட்டுக்குள் போய்விட்டன. தகப்பன் "நல்லது" என்று மட்டும் சொன்னார். மத்தியானம் நெருப்பு மூட்டிக் கோப்பி குடித்தபோது ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு வந்த முதல் எல்க் கைவிட்டுப் போனதை அந்தக் குடும்பம் தோல்வியாகவே எடுக்கவில்லை.

பின்னேரம் இருட்ட முன், இன்னொரு தாய் முன்னே போக, அதன் கன்று இருபது மீற்றர் பிந்தி வந்தது. பிள்ளை சுட்டாள். கன்று கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது. எழும்பப் போனவளைத் தகப்பன் தோளில் கை வைத்து இருத்தினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் தாய் காட்டோரத்துக்குத் திரும்பி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. பிள்ளை அதைப் பார்த்தாள். அவளின் கன்னத்தில் கண்ணீர் வடிந்தது. தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு அவளே போய்க் கத்தி எடுத்து வயிற்றைத் திறந்தாள். குளிரில் ஆவி பறந்தது.

சில நாள் தொங்கவிட்ட பிறகு இறைச்சியைக் குவியல் குவியலாக வைத்தார்கள். தாத்தா மற்றப் பக்கம் திரும்பி நிற்க, மாமி ஒரு குவியலைத் தொட்டு இது ஆருக்கு என்று கேட்க, அவர் பார்க்காமல் ஒரு பெயரைச் சொன்னார். சுமந்தவன் என்று எனக்கும் ஒரு பங்கு விழுந்தது. எங்கட ஊரில் ஆடு அடித்து ஓலையில் பங்கு போடுவது நினைவிருக்கிறதா? அதே முகங்கள், அதே கண்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பதினாறு வயதில், அதற்கும் குறைந்த வயதில் துவக்குத் தூக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். என்னோடு படித்தவர்கள். எப்படிச் சுடுவது என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். குறி வைத்த பிறகும் தாழ்த்தலாம் என்று சொல்ல அவர்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. போரையும் வேட்டையையும் ஒப்பிடக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். நான் ஒப்பிடுவது துவக்கை அல்ல, பின்னால் நிற்கும் ஆளை.

நோர்வேக்காரரைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. காணி இல்லாதவன் இன்றும் வேட்டை உரிமையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஓநாய் திரும்பி வந்த பிறகு ஊரே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இதே பகுதியில் ஓநாயைச் சட்டவிரோதமாக வேட்டையாடிய வழக்கில் 2015இல் எல்வெரும் நீதிமன்றத்தில் ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள். கட்டுப்பாடு பழகிய சனத்துக்கும் அது எல்லா மிருகத்திலும் வருவதில்லை.

எங்கட மரைக்கு என்ன நடந்தது? துரைமார் விளையாடி முடித்த பிறகு 1937இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. காட்டோரத்தில் இருக்கிற சனத்துக்கு அந்தச் சட்டம் தடையாக மட்டும்தான் தெரிந்தது. மரை தங்களுடையது, அடுத்த வருடமும் வேண்டும், அதனால் இத்தனைதான் என்று எண்ணிப் பார்க்கிற உரிமையை அது அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால் வேட்டை நிற்கவில்லை, ஒளித்து நடந்தது. வன்னியில் கட்டுத்துவக்கு என்றால் தெரியாதவர் இல்லை. மிருகம் போகும் தடத்தில் துவக்கைக் கட்டி, விசையில் நூலை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூலில் தட்டுப்படுவது மரையா, சினை மரையா, விறகுக்குப் போன மனிசியா என்று அந்தத் துவக்குக்குத் தெரியாது. விடியப் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும்.