கண்வலிக்கிழங்கு

திண்டுக்கல் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு என்றும் இலக்கியத்தில் செங்காந்தள் என்றும் வழங்கும் இக்கொடி, மழைக்குத் துளிர்த்துப் பூத்துக் காய்த்தபின் தரைக்குமேல் சுவடில்லாமல் காய்ந்துபோகும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடிருக்கும். ஆப்பிரிக்காவிலும் தென்னாசியாவிலும் புதர்க்காடுகளில் தானாக வளர்கிறது. லின்னேயஸ் 1753இல் இதற்கு குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

விதையிலிருந்து முளைத்த செடி முதல் ஆண்டில் பூப்பதில்லை. சிறு கிழங்கொன்றை வைத்துவிட்டு வாடிவிடும். பூவைக் காண இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி, கலப்பை போல் வளைந்த புதுக்கிழங்கு உருவாகிறது. அதன் நுனியிலுள்ள முளை ஒடிந்தால் கிழங்கு பயன்படாது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கும் பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்திருக்கும். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் இதழ் சில நாளில் முழுச் சிவப்பாகிவிடும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. மகளிர் விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கையாண்டனர்.

வேலிக்கொடியை வயலுக்குக் கொண்டுவந்தது கோல்சிசின் என்னும் வேதிப்பொருள். 1820இல் பெல்லத்தியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் செங்காந்தளின் உறவுச்செடியான கோல்சிகத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கீல்வாதத்துக்கான அம்மருந்து செங்காந்தள் விதையிலும் நிறைந்திருப்பது தெரியவந்ததும் விதைக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்தது. 1937இல் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ, கோல்சிசினால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார். பயிர் இனவிருத்தியாளர்களுக்கும் அது வேண்டிய பொருளாயிற்று.

திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சாலையிலுள்ள ஒட்டன்சத்திரம் பகுதியும், அதையடுத்த மூலனூர், தாராபுரம் பகுதிகளும் இப்பயிரின் முக்கிய இடங்கள். தண்ணீர் தேங்காத செம்மண் இதற்கு ஏற்றது. ஆடியை ஒட்டிக் கிழங்கு ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். கொடி படர முன்பு கிளுவை முள்ளும் காய்ந்த கிளைகளும் போதும். இப்போது கம்பிப் பந்தல் கட்டுகிறார்கள். சூல்தண்டு செங்கோணத்தில் வெளிப்புறம் வளைந்திருப்பதால் பூவின் மகரந்தம் அதன் நுனியை எளிதில் எட்டாது. பூச்சியை நம்பினால் காய்ப்பிடிப்பு குறையும். ஆகவே காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகச் சென்று கையால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். இந்தக் கூலிதான் பெருஞ்செலவு. காய் வெடித்ததும் ஆரஞ்சு நிற விதைகளைப் பிரித்து உலர்த்துவார்கள். விலை ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவதால், வசதியுள்ளவர் விதையை இருப்பு வைத்துக் காத்திருப்பார். கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொட்டுதல் ஆகியவை அறிகுறிகள்.

சாகுபடி பரவியபோது நடவுக்கிழங்குக்காகக் காடுகளிலும் வேலிகளிலும் தோண்டியதால் காட்டுக்கொடி பல இடங்களில் அருகிப்போனது. கிழங்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் விதை விழுந்து மறுபடி பூக்கப் பல பருவங்கள் செல்லும் என்பதால் இந்த இழப்பு கடுமையானது. கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பிவேலி வந்ததும் காட்டுக்கொடி ஏறிப் படர்ந்த புதர்களைக் குறைத்துவிட்டது.